காரில் துப்பாக்கி: "தோட்டா இல்லை" என்று சொன்னால் தப்பிக்க முடியுமா?

இரவு பதினொரு மணி. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போகும் சாலையில் போலீசாரின் சாலைத் தடுப்பு. ஒரு காரில் நான்கு இளைஞர்கள். கல்யாண வீட்டு விருந்து முடிந்து திரும்புகிறார்கள். சோதனையில் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் துண்டில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி கிடைக்கிறது.

"சார், அதுல தோட்டாவே இல்ல. சும்மாதான் வச்சிருந்தேன்" என்கிறார் ஓட்டுநர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அண்ணன் வா போலாம்னு கூப்பிட்டாரு, ஏறிக்கிட்டேன்" என்கிறார் பின்னால் இருந்தவர்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது இந்த இரண்டு பதில்கள்தான். முதல் பதில் மலேசியச் சட்டத்தின் முன் ஏறக்குறைய எந்தப் பயனும் தராது. இரண்டாவது பதில் உண்மையாக இருந்தால் பயன் தரும். ஆனால் அது தானாக ஏற்றுக்கொள்ளப்படாது. இரண்டுக்கும் காரணம் என்ன, உரிமம் உள்ளவர் துப்பாக்கியைக் காரில் எப்படிக் கொண்டு செல்ல வேண்டும், கைதானால் குடும்பத்தார் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்கப் படம் வேறு, மலேசியச் சாலை வேறு

துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயம் என்ற எண்ணம் பெரும்பாலும் அமெரிக்கப் படங்களிலிருந்தும் காணொளிகளிலிருந்தும் வந்தது. அங்கே அது உண்மையிலேயே பெரிய விஷயம்தான். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவர் தாம் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஓரிடத்திலிருந்து அதே போன்ற இன்னோர் இடத்துக்குப் பல மாநிலங்களைக் கடந்து துப்பாக்கியைக் கொண்டு செல்லலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தனிப் பின்பகுதி இல்லாத வாகனமாக இருந்தால் இரண்டையும் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையாக இருக்கக் கூடாது.

அந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை. அதனால் "எப்படி வைத்திருந்தாய்?" என்பதே அங்கு முதல் கேள்வி. மலேசியாவில் அப்படி ஓர் உரிமை இல்லை. இங்கே முதல் கேள்வி "உரிமம் இருக்கிறதா?" என்பதுதான். அதற்கு "இல்லை" என்று பதில் வந்துவிட்டால், தோட்டா உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா, பூட்டி வைத்தீர்களா என்ற கேள்விகள் குற்றம் நடந்ததா என்பதை மாற்றுவதில்லை.

இரண்டு சட்டங்கள்

மலேசியாவில் இது தொடர்பாக இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமமோ அனுமதியோ இல்லாமல் ஆயுதத்தையோ தோட்டாவையோ தம் வசத்தில், பாதுகாப்பில் அல்லது கட்டுப்பாட்டில் வைத்திருப்பதை இதன் 3-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் 8-ஆவது பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இரண்டாவது, 1971-ஆம் ஆண்டு துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம். ஆயுதமேந்திய கொள்ளைகளை ஒடுக்கக் கொண்டுவரப்பட்ட சட்டம் இது. இதன் 8-ஆவது பிரிவின்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. துப்பாக்கியால் சுட வேண்டும் என்பதில்லை. யாரையும் மிரட்ட வேண்டும் என்பதும் இல்லை. வைத்திருந்தாலே போதும்.

ஒரே துப்பாக்கிக்கு இந்த இரண்டு சட்டங்களில் எதன் கீழும் வழக்கு வரலாம். எதன் கீழ் குற்றஞ்சாட்டுவது என்பதை முடிவு செய்வது அரசுத் தரப்பு. இந்த வேறுபாடு குடும்பத்துக்கு மிக முக்கியம். இரண்டாவது சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்டால் ஜாமீன் கிடையாது. வழக்கு முடியும் வரை உள்ளேதான் இருக்க வேண்டும். வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுபவர் அவர் ஒருவர்தான் என்றால், தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்தக் குடும்பம் பாதி தண்டனையை அனுபவித்துவிடும்.

துப்பாக்கியைக் கொள்ளை போன்ற குற்றத்தில் பயன்படுத்தினால் தண்டனை இன்னும் ஏறும். பட்டியலிடப்பட்ட குற்றத்தைச் செய்யும்போது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் முன்பு கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் நீங்கியது. இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால், அவற்றை அவர் கடத்துகிறார் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும்.

தோட்டா இல்லாவிட்டாலும் ஆயுதம் ஆயுதம்தான்

ஆயுதச் சட்டம் "ஆயுதம்" என்பதற்கு மிக அகலமான விளக்கம் தருகிறது. குண்டையோ வேறு எதையோ பாய்ச்சக்கூடிய, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் குழாய் உள்ள எந்தக் கருவியும் அதில் அடங்கும். அப்படிப் பாய்ச்சும்படி மாற்றி அமைக்கக்கூடிய கருவியும் அடங்கும். காற்றுத் துப்பாக்கி அடங்கும். சத்தத்தையும் தீப்பொறியையும் குறைக்கும் துணைக்கருவி அடங்கும். துப்பாக்கியின் உதிரிப் பாகமும் அடங்கும்.

கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கியைக் கழற்றி, குழாயை ஒரு பையிலும் பிடியை இன்னொரு பையிலும் போட்டுக் கார் பூட்டில் வைத்தால் அது ஆயுதம் அல்ல என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பாகமும் தனித்தனியே ஆயுதம் என்ற கணக்கில் வரக்கூடும்.

அதே போல, துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றம்தான். சாவிக்கொத்தில் அழகுக்காக மாட்டிய தோட்டா, ராணுவத்தில் இருந்த உறவினர் நினைவாகக் கொடுத்த தோட்டா, தாயத்தாகக் கழுத்தில் கட்டிய தோட்டா ஆகியவை உயிருள்ளவையாக இருந்தால் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும். விமான நிலைய ஸ்கேனர் "இது ராசிக்காக வைத்தது" என்பதை அறியாது.

தோட்டா இல்லை என்பது முழுக்கப் பயனற்றது என்றும் சொல்ல முடியாது. குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகு, எவ்வளவு தண்டனை என்று முடிவு செய்யும் கட்டத்தில் வழக்கறிஞர் அதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் அது தண்டனையின் அளவைப் பற்றிய வாதம். குற்றமே இல்லை என்ற வாதம் அல்ல.

காரில் நான்கு பேர்: யார் வசம் இருந்தது?

"வசம்" என்ற சொல்லில்தான் பல வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன. ஒரு பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று சொல்ல இரண்டு விஷயங்கள் வேண்டும். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தம் விருப்பப்படி கையாளும் நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்ததாலேயே ஒரு பொருள் ஒருவருடையது ஆகிவிடாது.

ஆனால் மனத்தில் இருந்ததை யாரும் பார்க்க முடியாது. சுற்றியுள்ள சான்றுகளிலிருந்துதான் நீதிமன்றம் முடிவுக்கு வருகிறது. கார் யார் பேரில் இருக்கிறது? அன்று சாவி யாரிடம் இருந்தது? துப்பாக்கி யார் இருக்கைக்கு அடியில், எவ்வளவு மறைவாக இருந்தது? அதில் யாருடைய கைரேகை அல்லது மரபணுத் தடயம் கிடைத்தது? அந்தக் காரை வேறு யாரெல்லாம் ஓட்டினார்கள்? போலீசைக் கண்டதும் யார் ஓடினார், யார் எதைத் தூக்கி எறிந்தார்? இந்தக் கேள்விகளின் பதில்கள்தான் ஒருவரைச் சிக்கவைக்கும், அல்லது விடுவிக்கும்.

அதனால் காரை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் சாதாரண விஷயம் அல்ல. தோட்டப்புறத்தில் ஒரு கார் இருந்தால் அது அரை லயத்துக்குச் சொந்தம் மாதிரி ஓடும். மச்சான் மருத்துவமனைக்கு எடுத்துப் போவார். பக்கத்து வீட்டுப் பையன் சாமான் வாங்க எடுத்துப் போவான். திருப்பிக் கொடுக்கும்போது இருக்கைக்கு அடியிலும் பூட்டிலும் ஒரு முறை பார்த்துவிடுவது சந்தேகப்படுவது ஆகாது. யாருக்கு எந்த நாளில் கொடுத்தோம் என்பது வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக இருந்தால்கூட, பின்னாளில் அது பெரிய சான்றாகலாம்.

கூட இருந்தவருக்கும் தனிப் பிரிவு உண்டு

1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவரோடு கூடித் திரிபவர் அல்லது அவரோடு சேர்ந்து பிடிபடுபவர், அவரிடம் துப்பாக்கி இருப்பதை அறிந்திருந்தார் என்று நியாயமாக அனுமானிக்கக்கூடிய சூழல் இருந்தால், அவருக்கும் 14 ஆண்டு வரை சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். துப்பாக்கியைத் தொட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதாவது வைத்திருந்தவருக்கு என்ன தண்டனையோ, தெரிந்தே கூடச் சென்றவருக்கும் அதே அளவு தண்டனை காத்திருக்கிறது. குண்டர் கும்பல்களின் வலையில் முதலில் விழும் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் வேலை "சும்மா கூட வா", "காரை மட்டும் ஓட்டு", "இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடு" என்பவைதான். ஆபத்து தனக்கு இல்லை என்று நினைத்து ஏறுபவர்தான் பல நேரங்களில் காரோடு பிடிபடுகிறார். பையைக் கொடுத்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

காரில் துப்பாக்கி இருப்பது தெரிய வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பாதுகாப்பான இடத்தில் காரை விட்டு இறங்கிவிட வேண்டும். "நான் எடுத்து வைக்கிறேன்", "நான் தூக்கிப் போடுகிறேன்" என்று கையில் வாங்கக் கூடாது. வாங்கிய அந்த நொடியே அது வாங்கியவர் வசம் வந்துவிடுகிறது.

பொம்மை என்று நினைத்தது

உண்மைத் துப்பாக்கி போலவே தோற்றமளிக்கும் போலி ஆயுதத்தை உரிய அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம்தான். ஆயுதச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதைக் காட்டிக் கொள்ளையடித்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் நுழைந்து 10 ஆண்டு வரை சிறையும் 3-க்குக் குறையாத பிரம்படியும் வாங்கித் தரும்.

இணையக் கடைகளில் "விளையாட்டுத் துப்பாக்கி" என்ற பேரில் வரும் ஏர்சாஃப்ட் வகைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தபாலில் வந்து சேர்ந்துவிட்டது என்பதாலேயே அது சட்டப்படியானது ஆகாது. படம் எடுத்து டிக்டாக்கில் போடுவதற்காகக் காரின் டேஷ்போர்டில் வைக்கும் கருப்பு நிறப் போலித் துப்பாக்கி, முதலில் பக்கத்துக் கார்க்காரரை நடுங்க வைக்கும். அடுத்து போலீசாரைத் தங்கள் துப்பாக்கியைத் தொட வைக்கும். அந்தச் சில நொடிகளில் அது பொம்மை என்று விளக்கிச் சொல்ல அவகாசம் இருக்காது.

காற்றுத் துப்பாக்கி வேறு வகை. அது போலி அல்ல, சட்டப்படி ஆயுதமே. அணில், பறவை விரட்ட வாங்கினேன் என்றாலும் உரிமம் வேண்டும்.

உரிமம் உள்ளவர் காரில் கொண்டு செல்லும்போது

மலேசியாவில் ஆயுத உரிமத்தை வழங்குபவர் மாநிலப் போலீஸ் தலைவர். விண்ணப்பம் மாவட்டப் போலீஸ் வழியே போகும். பயிரைக் காட்டுப் பன்றியிடமிருந்து காக்க வேட்டைத் துப்பாக்கி கேட்கும் சிறுதோட்டக்காரர்கள், தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி கேட்கும் வணிகர்கள், சுடும் விளையாட்டுக் கழக உறுப்பினர்கள் ஆகியோர் விண்ணப்பிப்பதுண்டு. உரிமம் கிடைப்பது உரிமை அல்ல. தேவையைக் காட்ட வேண்டும், பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

உரிமம் என்பது "இவர் துப்பாக்கி வைத்திருக்கலாம்" என்ற பொதுச் சீட்டு அல்ல. குறிப்பிட்ட நபர், குறிப்பிட்ட ஆயுதம், குறிப்பிட்ட நிபந்தனைகள் என்று மூன்றையும் கட்டிப்போடும் ஆவணம் அது. அந்த நிபந்தனையை மீறினால் உரிமம் இருந்தும் 8-ஆவது பிரிவு பாயும். பயிர்க் காவலுக்கு என்று கொடுத்த துப்பாக்கியோடு ஊர்ச் சண்டைக்குப் போனவர் "லைசென்ஸ் இருக்கு" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே காரில் எடுத்துச் செல்வதற்கு முன், தம் உரிமத்தில் எழுதியிருப்பதை முழுதாகப் படிக்க வேண்டும். எங்கே வைத்திருக்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை தோட்டா, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐயம் இருந்தால் உரிமம் தந்த போலீஸ் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அதற்கு மேல், அனுபவமுள்ள உரிமதாரர்கள் கடைப்பிடிக்கும் சில பழக்கங்கள் உண்டு:

• புறப்படுவதற்கு முன் தோட்டாவை நீக்கி, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல்.
• துப்பாக்கியை உறையிலோ பெட்டியிலோ பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்தல்.
• உரிமத்தின் அசலையும் மைகார்டையும் கையோடு கொண்டு செல்லுதல்.
• வழியில் சாப்பாட்டுக் கடை, கோயில், திருமண மண்டபம் என்று நிற்காமல் நேராகப் போய் நேராகத் திரும்புதல்.
• காரில் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்கிப் போகாமல் இருத்தல்.
• மது அருந்திவிட்டுத் துப்பாக்கியோடு வெளியே போகாமல் இருத்தல்.
• சாலைத் தடுப்பில் நிறுத்தினால், கைகளை ஸ்டீரிங் மேல் வைத்துக்கொண்டு, துப்பாக்கி எங்கே இருக்கிறது, உரிமம் எங்கே இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுதல். சொல்லாமல் பெட்டியை நோக்கிக் கையை நீட்டக் கூடாது.

கார் திருடு போகும் நாட்டில், காருக்குள் இருக்கும் துப்பாக்கியும் சேர்ந்தே போகும். அப்படிப் போனால் உடனே போலீசில் புகார் செய்ய வேண்டும். தாமதம் உரிமதாரரையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

காட்டுப் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆயுத உரிமம் துப்பாக்கிக்கு மட்டும்தான். தீபகற்ப மலேசியாவில் வேட்டைக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் துறையின் உரிமம் தனியாக வேண்டும்.

பாதுகாவலர் வேலையில் இருப்பவர்கள்

நம்மவர்கள் பலர் பாதுகாவலர் வேலையில் இருக்கிறார்கள். வங்கி, நகைக்கடை, பணம் ஏற்றும் வேன் ஆகியவற்றில் கையில் இருக்கும் துப்பாக்கி நிறுவனத்தினுடையது. அதை ஏந்தும் அனுமதி அவருடைய பணிக்காகக் கொடுக்கப்பட்டது. பணி முடிந்ததும் ஆயுத அறையில் ஒப்படைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "மேலாளர் வரவில்லை, காலையில் கொடுத்துவிடலாம்" என்று சொந்தக் காரில் வீட்டுக்குக் கொண்டு போனால், சாலைத் தடுப்பில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னார் என்பது அந்த நேரத்தில் உதவாது. ஏந்தும் அனுமதி தம் பேரில் உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் ஊழியரின் நலனுக்கு நல்லது.

அப்பா விட்டுப்போன துப்பாக்கி

சிறுதோட்டக்காரர் ஒருவர் இறந்துபோகிறார். அலமாரிக்கு மேல் அவருடைய பழைய வேட்டைத் துப்பாக்கி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மூத்த மகன் "இங்கே இருக்க வேண்டாம், என் வீட்டுக்குக் கொண்டு போகிறேன்" என்று காரில் ஏற்றுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் உரிமம் அப்பாவின் பேரில் இருந்தது. அது நிலம், வீடு போலப் பிள்ளைகளுக்கு இறங்காது. மகன் காரில் ஏற்றியதும் அது உரிமம் இல்லாதவர் வசம் உள்ள ஆயுதமாகிவிடுகிறது.

சரியான வழி, இறப்புச் சான்றிதழோடும் உரிமத்தோடும் போலீஸ் நிலையத்துக்குப் போய் முதலில் தகவல் சொல்வது. துப்பாக்கியைத் தாமே தூக்கிக்கொண்டு போகாமல், எப்படி ஒப்படைப்பது என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்வது. மகனுக்கு அது தேவை என்றால், தம் பேரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். இந்த நடைமுறையை அப்பா உயிரோடு இருக்கும்போதே வீட்டில் பேசி வைப்பது இன்னும் நல்லது.

மண்ணைத் தோண்டும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் போர்க்காலத் தோட்டாவோ குண்டோ கிடைப்பதும் உண்டு. தொடக் கூடாது, காரில் ஏற்றக் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு 999-க்கு அழைக்க வேண்டும். துருப்பிடித்ததாலேயே அது செத்துவிட்டது என்று பொருள் அல்ல.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது?

மூத்த தலைமுறைக்கு இது புதிய செய்தி அல்ல. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை என்ற விதி வந்தது. அந்த விதியின் கீழ்தான் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ரவாங் அருகே ஒரு தோட்டப் பகுதியில் அவர் பிடிபட்டபோது கையில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும். அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் தரப்பு கூறியது. இந்தியாவிலிருந்து எதிர்ப்பு எழுந்தும் தண்டனை நிற்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கடுமை தொடர்ந்தது. 1960-ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்றது. 1970-களில் கோலாலம்பூரை நடுங்க வைத்த கொள்ளையன் பொதாக் சின் 1981-இல் தூக்கிலிடப்பட்டது அந்தப் பிரிவின் கீழ், ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காகத்தான். அந்தச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. வைத்திருந்ததற்கே தூக்கு என்ற நிலை போய்விட்டது. ஆனால் வைத்திருப்பதே பெருங்குற்றம் என்ற பார்வை மாறவில்லை.

பாலத்தைக் கடந்தால்

ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மிகாத சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. மலேசியச் சட்டத்தில் மேல் எல்லை மட்டும் இருக்கும் இடத்தில், அங்கே கீழ் எல்லையும் இருக்கிறது. துப்பாக்கியைப் பயன்படுத்தினாலோ பயன்படுத்த முயன்றாலோ, யாருக்கும் காயம் படாவிட்டாலும் மரண தண்டனை.

மலேசிய ஆயுத உரிமம் சிங்கப்பூரில் செல்லாது. வார இறுதியில் வேட்டைக்குப் போன காரில் திங்கட்கிழமை உட்லண்ட்ஸ் போகிறவர், இருக்கை இடுக்கில் ஒரு தோட்டா உருண்டு கிடக்கிறதா என்று பார்த்த பிறகே பாலத்தில் ஏற வேண்டும். ஏர்சாஃப்ட் துப்பாக்கியையும் பிள்ளைகளின் "ஒரிஜினல் மாதிரி" பொம்மையையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

கைதானால் குடும்பம் என்ன செய்யலாம்?

1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் சாலைத் தடுப்பு போடவும் வாகனத்தை நிறுத்திச் சோதிக்கவும் போலீசாருக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே தடுப்பில் வாக்குவாதம் செய்வதால் பயன் இல்லை. ஆனால் கைதானவருக்கு உரிமைகள் உண்டு.

முதலாவது, எதற்காகக் கைது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். விசாரணை தொடங்குமுன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள அனுமதிக்க வேண்டும். உடந்தையாளர்கள் தப்பிவிடுவார்கள் போன்ற சில காரணங்களைக் காட்டி மட்டுமே போலீஸ் அதிகாரி இதைத் தள்ளிப்போடலாம்.

இரண்டாவது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் எத்தனை நாள் தடுப்புக் காவல் என்பது குற்றத்தைப் பொறுத்தது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைக்குரிய குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் முதலில் 7 நாள், பிறகு 7 நாள் வரை. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவா, 1971-ஆம் ஆண்டுச் சட்டமா என்பது இங்கேயும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. எந்தப் பிரிவின் கீழ் விசாரணை என்று குடும்பத்தார் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விசாரணையில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். நண்பனைக் காப்பாற்ற "அது என்னுடையதுதான்" என்று பழியை ஏற்பது தியாகம் அல்ல. 14 ஆண்டு என்பது திருமணமும் பிள்ளைகளின் பள்ளிப் பருவமும் போய்விடும் காலம்.

நான்காவது, வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத மலேசியர்கள் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் உதவியை நாடலாம். கைது, தடுப்புக் காவல் கட்டங்களிலேயே அதன் வழக்கறிஞர்கள் முன்னிலையாவார்கள். மலாயில் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்று கேட்டால் நீதிமன்றத்தில் வழிகாட்டுவார்கள்.

பிடிபட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், வயதைக் காட்டும் ஆவணத்தைப் பெற்றோர் உடனே கொண்டு போக வேண்டும். சிறார்களுக்குத் தனி நீதிமன்றம் உண்டு. ஆனால் பெரியவர்களோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்டால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்தில் நடக்கலாம்.

நினைவில் வைக்க

• உரிமம் இல்லாத துப்பாக்கி, தோட்டா அல்லது துப்பாக்கியின் பாகம்: ஆயுதச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும்.
• சட்டவிரோதத் துப்பாக்கி, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி, ஜாமீன் இல்லை.
• தெரிந்தே கூட இருந்தவர்: அதே 14 ஆண்டு, அதே பிரம்படி.
• போலித் துப்பாக்கி: ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும்.
• சிங்கப்பூரில் துப்பாக்கியோ தோட்டாவோ: 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி.

பெண்களுக்குப் பிரம்படி கிடையாது. ஆனால் சிறைத் தண்டனையில் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் ஆலோசனை கேட்க வேண்டும். ஆனால் வழக்கு வராமல் பார்த்துக்கொள்ள வழக்கறிஞர் தேவையில்லை. பிள்ளைகள் இரவில் யார் காரில் போகிறார்கள், யாருடைய பையைச் சுமக்கிறார்கள் என்று வீட்டில் ஒருவர் கேட்டாலே பாதி ஆபத்து விலகும். "காரில் என்ன இருக்கு?" என்று ஏறுவதற்கு முன் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைச் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.